பழைய பைபர் வள்ளத்தின் பின்பலகை ஆடுகிறது, பட்டி வைத்து மூடினால் போதுமா?

வேம்பார்க்கரை | ஏப்ரல் 17

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பாவின் 22 அடி பைபர் வள்ளம் ஆறு வருடமாகக் கரையில் உடைமர நிழலில் கிடக்கிறது. சுனாமி முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் கட்டியது. அவருக்கு முழங்கால் போன பிறகு யாரும் இறக்கவில்லை. பழைய வலையும் கயிறும் போட்டுவைக்கும் இடமாகிவிட்டது. இதை எழுப்பி நண்டு வலைக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை.

முன்பக்கம், அணியம், திடமாக இருக்கிறது. பக்கங்களில் வெயில் பட்டு மேல்பூச்சான ஜெல்கோட் சுண்ணாம்பாகி, தொட்டால் கையில் வெள்ளை ஒட்டுகிறது, அவ்வளவுதான். தொல்லை பின்பலகையில். மோட்டார் கடிக்கும் இடத்தில் இரண்டு சாண் நீளத்துக்கு வெடிப்பு. பழைய போல்ட் ஓட்டை ஒன்றிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் ஏதோ கசிகிறது. இங்கே மழை பெய்து மாதக்கணக்கு ஆகிறது.

வெடிப்பைத் தேய்த்து, பட்டி வைத்து, உள்ளேயும் வெளியேயும் 6 மி.மீ. அலுமினியத் தகடு கொடுத்து போல்ட் போட்டு முறுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மாட்டப்போவது 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். இந்த மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நமக்கு இல்லை. ஆனால் பைபர் வேலை தெரிந்த ஆள் எல்லாம் ஜூன் 14 வரை விசைப்படகு வேலையில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் நானே செய்யவேண்டியதுதான். போதுமா, போதாதா?

பிசின்கை | ஏப்ரல் 17

போதாது தம்பி. டீத்தண்ணீர் என்று நீ சொன்னதுமே கதை முடிந்தது. அது மரம் அழுகிய சாறு.

பின்பலகையைப் பார்த்தால் முழுக்க பைபர் மாதிரித் தெரியும். நடுவில் இருப்பது பிளைவுட். வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவே மரம். பைபர் அழுகாது, மரம் அழுகும். போல்ட் ஓட்டை, தண்ணீர் வடியும் ஓட்டை, கயிறு கட்டப் போட்ட கொக்கி என்று எங்கெல்லாம் துளை போட்டு விளிம்பை அடைக்காமல் விட்டார்களோ அங்கெல்லாம் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் இரண்டு தோலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வெயிலில் ஆறு வருடம் கிடந்தாலும் காயாது.

முதலில் சுத்தியலின் மரக்கைப்பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிப் பார். நல்ல இடம் ‘டக் டக்’ என்று பதில் சொல்லும். அழுகிய இடம் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி ‘தொம்’ என்று விழும். அப்புறம் உள்பக்கத்திலிருந்து மட்டும் 6 மி.மீ. டிரில்லால் ஒரு சாணுக்கு ஒன்றாகத் துளை போடு. வெளித்தோலைத் துளைக்காதே. வருகிற தூளைப் பார்த்தால் தெரிந்துவிடும். மஞ்சளாக உலர்ந்து வந்தால் நல்லது, கறுப்பாக நசநசவென்று வந்தால் நீ நினைப்பதுதான்.

நீச்சல்தெரியாதவன் | ஏப்ரல் 18

கடல் பக்கமே போகாதவன் கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். இரண்டு பக்கமும் 6 மி.மீ. தகடு என்றால் நடுவில் மரம் என்ன ஆனால் என்ன? தகடு தாங்காதா?

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் | ஏப்ரல் 18

நல்ல கேள்வி. தாங்காது, ஏன் என்று சொல்கிறேன்.

மோட்டாரின் எடையைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் 40 கிலோ பக்கம் இருக்கும், ஒரு பையன் உட்கார்ந்த மாதிரி. பின்பலகையைத் தின்பது எடை அல்ல, தள்ளுவிசை. புரொப்பெல்லர் இருப்பது பலகைக்கு வெகு கீழே. அது முன்னால் தள்ளும்போது மோட்டாரின் பிடி, கீழ்ப்பக்கம் பலகையை உள்ளே அமுக்கும், மேல்பக்கம் வெளியே இழுக்கும். கடப்பாரையால் கல்லை நெம்புவது போலத்தான். ஒவ்வொரு அலைக்கும் இது நடக்கும். கரை ஏறும்போது மோட்டார்க் கால் மணலில் இடித்தால் இன்னும் மோசம்.

இரண்டு தோலும் சேர்ந்து வேலை செய்வதற்கு நடுவிலிருக்கும் மரம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மரம் கூழானால் தோல்கள் தனித்தனி, இரண்டும் தகரம் மாதிரி நெளியும். அதன் மேல் தகடு வைத்து போல்ட்டை முறுக்கினால் கூழ் நசுங்கும், போல்ட் தளரும், மறுபடி முறுக்குவீர்கள், மறுபடி நசுங்கும். ஒரு நாள் மோட்டார் தகட்டோடு சேர்ந்து போகும். நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எரிபொருள் குழாய்தான் கயிறாக நின்று மோட்டாரைக் காப்பாற்றியது.

வேம்பார்க்கரை | ஏப்ரல் 20

தட்டினேன். ‘டக்’ என்றது மேல் இரண்டு மூலையில் மட்டும். துளை பன்னிரண்டு போட்டேன், ஒன்பதில் கறுப்பு. நடுவில் ஒரு துளையில் திருப்புளியை வைத்து அழுத்தினால் பிடி வரை உள்ளே போய்விட்டது. சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சரி, திறக்கிறேன். உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

கச்சான்காற்று | ஏப்ரல் 21

தம்பி, நான் மன்னார்ப் பக்கம். எங்கட 18 அடி போட்டுகளில இது வருசா வருசம் பார்க்கிற வேலைதான். உங்கடது மேல்தளம் இல்லாத திறந்த வள்ளம், அதனால உள்ளிருந்து வெட்டுறதுதான் சுகம். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும், அதுதான் உங்களுக்கு அச்சு. புதுப் பலகையை அதில சாத்தினால் பழைய வடிவம், பழைய சாய்வு எல்லாம் தானாக வரும். மேல்தளம் பூட்டின போட்டுகளில உள்ளே கை போகாது, அப்பதான் வெளித்தோலை வெட்டுறது.

ஒண்டு மறக்காதேங்கோ. பின்பலகைதான் இரண்டு பக்கத்தையும் விரியாமல் பிடிச்சு வைச்சிருக்கு. அதை வெட்டி எடுத்தால் பக்கங்கள் விரியும். வெட்ட முன்னம் மேல் விளிம்புக்குக் குறுக்காக இரண்டு மரம் வைத்து இறுக்கிக் கட்டுங்கோ. அகலத்தை மூன்று இடத்தில அளந்து பக்கத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கோ. வள்ளம் மணலில சரிஞ்சு கிடக்கிறதென்றால் முதலில பழைய டயர், மண்மூட்டை வைத்து மட்டமாக நிமிர்த்த வேணும். சரிஞ்ச நிலையில பூட்டினால் அந்தக் கோணல் ஆயுளுக்கும் நிக்கும்.

பக்கமும் அடியும் பின்பலகையைச் சந்திக்கிற மூலையில இருந்து நாலு விரல் தள்ளி வெட்டுங்கோ, ஒரேயடியாக மூலையில வெட்டப் போகாதேங்கோ. மிச்சத்தை கிரைண்டரால் சாய்வாகத் தேய்த்து இறக்கலாம்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் | ஏப்ரல் 21

அந்தச் சாய்வுக்கு ஒரு கணக்கு உண்டு: தோலின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. 5 மி.மீ. தோல் என்றால் 60 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். புதிய பைபர் பழையதை வெறும் பசையாகத்தான் பிடிக்கிறது, ஒன்றாக உருகிச் சேர்வதில்லை. பரப்பு அதிகமானால்தான் பிடி. 36 அல்லது 40 நம்பர் டிஸ்க், அதைவிட மென்மையாக வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால் ஒட்டுவதற்கு எபாக்சி ரெசின். வள்ளம் கட்டிய பழைய பாலியெஸ்டர் ரெசின் மேல் எபாக்சி பிடிக்கிற பிடி பாலியெஸ்டருக்கு வராது.

பிசின்கை | ஏப்ரல் 22

ஃபோர்மேன் ஐயா சொல்வது உண்மை. ஆனால் வேம்பார்க் கரையில் ஒருத்தன் முதல் தடவை செய்கிறான் என்பதையும் பார்க்கவேண்டும். எபாக்சி விலை இரண்டு மூன்று மடங்கு. அதற்கு இறுகவைக்கும் ஹார்ட்னரை அளந்த அளவுக்கே ஊற்றவேண்டும், கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுவென்றே நிற்கும். இன்னொன்று, நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைகிற பசையால் ஒட்டியது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. மேட் இளகாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும், மூலையில் படியாது. எபாக்சி என்றால் நெய்த துணிதான் வாங்கவேண்டும். முடித்த பிறகு எபாக்சி மேல் சாதாரண ஜெல்கோட் பூசினாலும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்கவேண்டும்.

நான் முப்பது வருடமாக ஐசோ என்ற வகைப் பாலியெஸ்டரில்தான் கட்டுகிறேன். நன்றாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அன்றைக்கே பூசினால் நிற்கும்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் | ஏப்ரல் 22

நீங்கள் முப்பது வருடம் கட்டினீர்கள். நான் பாதி வருடங்கள் அப்படிக் கட்டினதைப் பிரித்தேன். சரி விடுங்கள், சண்டை வேண்டாம். தம்பி, பைபருக்குப் பாலியெஸ்டரே வைத்துக்கொள். போல்ட் ஓட்டைகளுக்கு மட்டும் எபாக்சி. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வேம்பார்க்கரை | ஏப்ரல் 24

இரண்டு பேருக்கும் நன்றி. பாலியெஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன். பலகை 1.2 மீட்டர் அகலம், 60 செ.மீ. உயரம் வருகிறது. பிளைவுட் எது? கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப் என்று ஒன்று காட்டுகிறார். எவ்வளவு ரெசின் வாங்க?

பிசின்கை | ஏப்ரல் 24

வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லை நம்பாதே. பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கவேண்டும், அதுதான் மரைன் பிளைவுட். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கவைத்தாலும் ஏடு பிரியக்கூடாது. முத்திரையையும் சிலர் சும்மா குத்திவிடுகிறார்கள். அதனால் கைப்பிடி அளவு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவை. பானை போனால் வீட்டில் திட்டு விழும், நான் பொறுப்பில்லை. விளிம்பில் இடைவெளி, ஓட்டை தெரிந்தாலும் வேண்டாம். 18 மி.மீ. இரண்டு ஒட்டினால் 36, தோல்களையும் சேர்த்தால் 45 மி.மீ. பக்கம் வரும், போதும்.

உள்தோலுக்கு 450 கிராம் மேட், 600 கிராம் ரோவிங் (நெய்த இழைத் துணி), மறுபடி மேட், ரோவிங், மேட். ஐந்து அடுக்கும் சேர்ந்து 4.5 மி.மீ. ஒரு சதுர மீட்டர் 450 மேட் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் குடிக்கும், ரோவிங் முக்கால் கிலோவுக்குள். பக்கத்திலும் அடியிலும் ஒரு சாண் ஏறவேண்டும், ஆகையால் 1.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். ஆறு கிலோ. பலகை ஒட்ட, மூலைக்குப் பட்டி, கீழே சிந்த என்று சேர்த்து பத்து கிலோ வாங்கு.

இதை மட்டும் இரண்டு தடவை படி. ரெசின் கடையில் ஆக்சிலரேட்டர் கலந்ததா, கலக்காததா என்று கேட்டு வாங்கு. கலக்காதது என்றால் அந்த ஆக்சிலரேட்டரை, ஊதா நிறக் கோபால்ட்டை, தனியாகத் தருவார்கள், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் தனி. அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே மூடி, ஒரே ஊசி, ஒரே குச்சி கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வை.

கச்சான்காற்று | ஏப்ரல் 25

பைபர் தேய்க்கிற நாளில முழுக்கைச் சட்டை, நல்ல முகமூடி. துணி கட்டினால் காணாது. தேய்க்க முன்னம் கையிலும் கழுத்திலும் பவுடர் பூசினால் அரிப்புக் குறையும். முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளிக்க வேணும். சுடுதண்ணி ஊத்தினீங்களோ, இரவு நித்திரை இல்லை.

வேம்பார்க்கரை | மே 9

திறந்துவிட்டேன். அந்தக் கறுப்புக் கூழை கரண்டியால் வழித்து இரண்டு வாளி எடுத்தேன். இன்னும் இரண்டு அதிர்ச்சி. அடியில் நீளவாக்கில் போகும் மரச்சட்டம் இரண்டும் பின்பக்கம் ஒன்றரை அடிக்கு அழுகல். பின் இருக்கைக்கு அடியில் மிதப்புக்கு அடைத்த ஃபோம் தண்ணீர் குடித்து கல்லாகக் கனக்கிறது. அதைப் பிடுங்கினபின் வள்ளத்தை நாலு பேர் நகர்த்த முடிகிறது, முன்பு ஏழு பேர்.

தப்பு ஒன்றும் செய்துவிட்டேன். நேற்று மதியம் ஒன்றரைக் கிலோ ரெசினை ஒரே மக்கில் கலந்து, அளந்த கேட்டலிஸ்ட்டில் சீக்கிரம் இறுகாதோ என்று கூடுதலாக ஊற்றினேன். பாதிப் பலகையில் பூசுவதற்குள் மக்கு புகைந்தது, அடி இளகிப் போயிற்று. மணலில் கவிழ்த்துவிட்டு ஓடினேன். என் தம்பி வீடியோ எடுத்து வைத்திருக்கிறான், கேட்காதீர்கள்.

அப்புறம் ஃபோமுக்குப் பதில் தெர்மோகோல் போடலாமா?

பிசின்கை | மே 9

மக்கு புகைந்தால் நீ பைபர் வேலைக்காரன் ஆகிவிட்டாய் என்று அர்த்தம், எல்லாரும் கடந்துவந்ததுதான்.

ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். குவியலாக இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை, அதுவே தன்னை வேகமாக்கிக்கொள்ளும். அரைக்கிலோவுக்கு மேல் கலக்காதே, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடு. இந்த வெயிலில் கிலோவுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட், சுமார் ஒரு சதவீதம். அதற்குக் கீழே போகாதே, முழுதாக இறுகாது. நேரம் வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு வேலையை ஆரம்பி. அடுக்கும் ஒரு வேளைக்கு மூன்றுதான். மிச்சத்தை மறுநாள் காலை வை, மேல்பக்கம் லேசாக ஒட்டும் பதத்திலேயே இருக்கும், தேய்க்காமலே பிடிக்கும்.

அந்தப் பலகையில் பாதி பூசினதை இரக்கமில்லாமல் தேய்த்து எடுத்துவிடு.

தெர்மோகோல் மேல் பாலியெஸ்டர் பட்டால் ஐஸ் மாதிரிக் கரைந்துவிடும், பெட்ரோல் பட்டாலும் அதுதான். இறுக்கி மூடின பிளாஸ்டிக் கேன்கள் கட்டிப் போடு. ஓட்டையானால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் | மே 10

அழுகின சட்டத்தை வெட்டும்போது நல்ல மரம் வந்த பிறகும் ஒரு சாண் கூடவே வெட்டு. புதுத் துண்டை நேர் வெட்டாக முட்டவைக்காமல் சரிவு வெட்டில் இணை. பலகையை ஒட்டும்போது நடுவில் ரெசினில் நனைத்த மேட் ஒன்று வை, காற்று நிற்காது. வெளித்தோலுக்குப் பின்னால் நேரான கட்டை கொடுத்துத்தான் கிளாம்ப் போடவேண்டும், இல்லாவிட்டால் தோல் வயிறு வைத்துவிடும். ரெசின் முழுக்கப் பிதுங்கி வரும் அளவுக்கு முறுக்காதே. மூலைகளில் பட்டியைக் கட்டைவிரல் வளைவுக்கு வழித்துவிடு. பைபர் செங்கோணத்தில் மடங்காது, மடக்கினால் பின்னால் காற்றுப்பை நிற்கும்.

வேம்பார்க்கரை | ஜூன் 11

முடிந்தது. பலகைக்கும் அடிச்சட்டத்துக்கும் முக்கோண முட்டு இரண்டு கொடுத்து அதையும் பைபரில் மூடினேன். பலகையின் மேல் விளிம்பில் மூன்று அடுக்கு. போல்ட் 10 மி.மீ., ஃபோர்மேன் ஐயா சொன்னபடி ஓட்டையை 16 போட்டு, எபாக்சிப் பட்டியால் அடைத்து, இறுகின பின் அதன் நடுவில் 10 துளைத்தேன். தண்ணீர் வடியும் ஓட்டைக்கும் அதே வைத்தியம். துரு ஏறாத 316 போல்ட், பெரிய வாஷர், பாலியூரித்தேன் சீலன்ட்.

உயரத்தில்தான் சொதப்பப் பார்த்தேன். மோட்டார் குட்டைக் கால், பலகை 15 அங்குலம் இருக்கவேண்டும். பழைய பலகை நீளக் காலுக்கு 20 வைத்திருந்தது. நடுவில் வெட்டி இறக்கினேன். புரொப்பெல்லருக்கு மேலிருக்கும் தட்டு இப்போது வள்ளத்தின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிறது.

நேற்று காலை இறக்கினோம். சித்தப்பா மோட்டார்க் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை தொங்கிப் பார்த்தார். பலகை இம்மியும் அசையவில்லை. “ம்” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்தாலே பெரிது.

கச்சான்காற்று | ஜூன் 11

வடிவான வேலை தம்பி. முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கால் போல்ட்டைப் பாருங்கோ. நடுவில 5 அங்குலம் இறக்கினதால பின்னால வாற அலை உள்ளே ஏறும், அந்த வெட்டுக்கு முன்னால ஒரு தடுப்புப் பலகை வையுங்கோ.

வேம்பார்க்கரை | ஜூன் 19

தடுப்பு வைத்தாயிற்று. ஆனால் ஒரு கெட்ட செய்தி. தம்பி நான் இல்லாத நேரம் மீன் காட்டும் கருவி வாங்கி வந்து, அதன் சென்சரைப் பின்பலகையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இரண்டு திருகாணி போட்டு மாட்டியிருக்கிறான். மேலே கொஞ்சம் சிலிக்கான் தடவினானாம். நான்கு நாள் கடலில் ஓடிவிட்டது.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் | ஜூன் 19

இன்றைக்கே கழற்று. துளையை நல்ல தண்ணீரால் கழுவி, அசிட்டோன் விட்டு, மூன்று நாள் நிழலில் திறந்துவை. பிறகு 12 மி.மீ.க்கு விரித்து எபாக்சியால் அடை. நான்கு நாளில் மரம் போகாது, நாலு மாதம் விட்டால் போகும்.

வேம்பார்க்கரை | ஜூன் 19

சென்சரை எங்கே மாட்ட? வீட்டில் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகை இருக்கிறது, அதை ஒட்டி அதில் திருகலாமா?

பிசின்கை | ஜூன் 20

அது பாலிஎத்திலீன், சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. வெட்டி எடுத்த உள்தோலில் நல்ல துண்டு மிச்சம் இருக்குமே, அதில் கையகலம் இரண்டு எடுத்து, தேய்த்து ஒன்றன் மேல் ஒன்றாக எபாக்சியில் பின்பலகை மேல் ஒட்டு. திருகாணி அந்தத் துண்டோடு நிற்கவேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. நீளத்தை அளந்து வாங்கு.

வேம்பார்க்கரை | ஜூன் 24

ஒட்டியாயிற்று. 8 மி.மீ. கனத் துண்டு, 6 மி.மீ. நீளத் திருகாணி. டிரில்லை இப்போது சித்தப்பா வீட்டுப் பரணில் வைத்திருக்கிறோம், தம்பிக்கு ஏணி எட்டாது.